ஐயத்தின் ஆண்டுகள்: மாதவிடாய் ஓயும் பருவமும் நம் முன்னோர் கேட்ட கேள்விகளும்

நாற்பதைக் கடந்த பெண்ணின் வாழ்வில் ஒரு காலம் வருகிறது. 28 நாள், 30 நாள் என்று முறையாக வந்துபோன மாதவிடாய், ஒரு மாதம் 20ஆம் நாளிலேயே வந்துவிடுகிறது. அடுத்த முறை 50 நாளாகியும் வருவதில்லை. வந்தாலோ 12 நாளாகியும் ஓய்வதில்லை. நள்ளிரவில் உடலெங்கும் வெப்பம் பரவி, வியர்த்து நனைந்து விழித்துக்கொள்கிறாள். நெஞ்சு படபடக்கிறது. ஓதிப் பழகிய சூராவின் நடுவே அடுத்த வசனம் நினைவுக்கு வர மறுக்கிறது. சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறது. அல்லது சினம் மூள்கிறது. வீட்டார், குணம் மாறிவிட்டது என்கிறார்கள். கண்ணேறு என்று எண்ணி ஓதிப் பார்க்கிறார்கள். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை; அதோடு நின்றுவிடுவதே தவறு.

இத்தனைக்கும் நடுவே, இன்று தாம் தொழ வேண்டியவரா, தொழாதிருக்க வேண்டியவரா என்னும் கேள்வி அப்பெண்ணை அன்றாடம் வாட்டுகிறது. கணவரிடம் கேட்கக் கூச்சம். மகளிடம் கேட்க வெட்கம். ஆலிமிடம் கேட்க வழி தெரியவில்லை. ஆகவே, ஒன்று வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார். அல்லது தொழக்கூடாத நாளில் தொழுகிறோமோ என்ற அச்சத்துடனேயே தொழுகிறார். இது வயதின் இயல்பா, நோயின் அறிகுறியா என்னும் மற்றொரு கேள்வியோ கேட்கப்படாமலே போய்விடுகிறது.

இப்பருவத்தை மருத்துவர்கள் பெரிமெனோபாஸ் என்கின்றனர். மாதவிடாய் முறை தவறத் தொடங்குவதிலிருந்து, இறுதி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டு நிறையும் வரை உள்ள இடைக்காலம் அது. சொல் புதியது, அது குறிக்கும் குழப்பம் புதியதன்று. நம் ஃபிக்ஹ் நூல்கள் அக்குழப்பத்தை மிக விரிவாகப் பேசியிருக்கின்றன. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

மதீனாவிலிருந்து தொடங்குவோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு இரத்தப்போக்கு நிற்பதே இல்லை என்றும், அதனால் தொழுகையை விட்டுவிடலாமா என்றும் கேட்டார்கள். விட வேண்டாம், அது ஒரு நரம்பிலிருந்து வரும் இரத்தமே அன்றி மாதவிடாய் அன்று என்று நபியவர்கள் விளக்கினார்கள். மாதவிடாய் நாள்கள் வரும்போது தொழுகையை விடவும், அவை கழிந்ததும் கழுவித் தூய்மை செய்து தொழவும் கற்பித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி இடம்பெறுகிறது. ஹைள் வேறு, இஸ்திஹாளா எனப்படும் தொடர் உதிரப்போக்கு வேறு என்னும் பகுப்பு, ஒரு பெண் வாய்திறந்து கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது.

ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் நிலை இன்னும் கடுமையானது. பஞ்சு வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் கூற, அதற்கும் மிகுதியாக வருகிறது என்றார்கள். துணியைக் கட்டிக்கொள்ளுமாறு கூற, அதற்கும் அடங்காமல் கொட்டுகிறது என்றார்கள். ஆறு அல்லது ஏழு நாள்களை ஹைளாகக் கொண்டு, எஞ்சிய 23 அல்லது 24 நாள்கள் தொழுது நோன்பு நோற்கும்படி அவர்களுக்கு வழிகாட்டப்பட்டது. இயலுமாயின் ளுஹரைப் பிற்படுத்தி அஸரை முற்படுத்திச் சேர்த்துத் தொழும் எளிமையும் காட்டப்பட்டது. அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. அவர்களின் சகோதரி உம்மு ஹபீபா (ரலி) அவர்களுக்கு ஏழாண்டுகள் இரத்தப்போக்கு நீடித்தது. தம் சகோதரி ஸைனப் (ரலி) அவர்களின் அறையில் நீர்த்தொட்டியில் அமர்ந்து குளிக்கையில், நீரின் மேல் இரத்தச் சிவப்பு படரும் என்று முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. இவ்வளவு நுணுக்கமான செய்தி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கூச்சமின்றிக் கடத்தப்பட்டிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பெண்மணிகளுக்கு அப்போது என்ன வயது, அவர்களின் இரத்தப்போக்குக்குக் காரணம் யாது என்றெல்லாம் இன்று தீர்மானிக்க முயல்வது முறையன்று. அவர்கள் பெரிமெனோபாஸில் இருந்தார்கள் என்று நாம் கூறவில்லை. நாம் காண்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட வழிமுறையை. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வேறொரு பெண்ணுக்காகக் கேட்டபோது, இந்நிலை ஏற்படுவதற்கு முன் மாதத்தில் எத்தனை இரவுபகல் மாதவிடாய் இருந்ததோ அதை எண்ணிப் பார்த்து, அவ்வளவு நாள் மட்டும் தொழுகையை விடட்டும் என்று விடை கிடைத்தது. ஃபிக்ஹில் ‘ஆதத்’, அதாவது வழக்கம் என்று அழைக்கப்படும் விதியின் வேர் இதுவே. பெண் தன் உடலின் வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். எண்ணி வைத்திருக்க வேண்டும். முறை தவறும் காலத்தில் அவளுக்குக் கைகொடுப்பது அந்தக் கணக்கே.

அன்ஸாரிப் பெண்களின் வெட்கம் மார்க்கத்தை அறிந்துகொள்வதிலிருந்து அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது நம்மில் பலரும் கேட்டதே. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் இருந்த நடைமுறை வியப்புக்குரியது. பெண்கள் சிறு பேழைகளில் மஞ்சள் நிறம் படிந்த பஞ்சை வைத்து ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்புவார்கள். தூய்மையைக் காட்டும் வெண்மை தெரியும்வரை அவசரப்பட வேண்டாம் என்று அவர்கள் சொல்லியனுப்புவார்கள். இது முவத்தாவிலும் புகாரீயின் பாடத் தலைப்பிலும் காணப்படுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சில பெண்கள் நடுநிசியில் விளக்கு வரவழைத்துத் தூய்மையாகிவிட்டோமா என்று பார்க்கிறார்கள் எனக் கேள்வியுற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் மகளார், முன்னைய பெண்கள் இவ்வாறு செய்ததில்லையே என்று குறை கூறினார்கள். அறிந்துகொள்வதும் வேண்டும்; அதுவே வஸ்வாஸாகி உறக்கத்தைக் கெடுக்கவும் கூடாது.

தாபியீன்களின் காலத்திலும் இவ்வழியே தொடர்ந்தது. வழக்கமான மாதவிடாய்க்கு ஐந்து நாள் கழித்து மீண்டும் இரத்தம் காணும் பெண்ணைப் பற்றி இப்னு சீரீன் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இதைப் பெண்களே நன்கறிவார்கள் என்ற கருத்தில் விடையளித்தார்கள். பெரும் அறிஞர் ஒருவர் தம் அறிவின் எல்லையை இவ்வளவு இயல்பாக ஒப்புக்கொண்டதை புகாரீ பதிவுசெய்து வைத்திருக்கிறது. ஒரு மாதத்திற்குள் மூன்று மாதவிடாய் கண்டு இத்தா முடிந்துவிட்டதாகக் கூறிய பெண்ணின் வழக்கு அலீ (ரலி) அவர்களிடம் வந்தது. தீர்ப்புச் சொல்லுமாறு காளி ஷுரைஹ் (ரஹ்) அவர்களைப் பணித்தார்கள். அவளை நெருங்கி அறிந்த, நம்பகமான வீட்டார் சாட்சி கூறினால் ஏற்கப்படும் என்று ஷுரைஹ் தீர்ப்பளிக்க, அலீ (ரலி) அதை மெச்சினார்கள். அவளை ஏமாற்றுக்காரி என்று எடுத்த எடுப்பில் ஒதுக்கவில்லை. இரு ஹைளுக்கு இடைப்பட்ட தூய்மையின் குறைந்த அளவை ஹன்பலீ மத்ஹபினர் 13 நாள் என்று வகுத்ததற்கு இத்தீர்ப்பே ஆதாரமாயிற்று. மாதவிடாய் நெருங்கி நெருங்கி வருவது பெரிமெனோபாஸின் தொடக்கத்தில் மிகவும் காணப்படும் அறிகுறி என்பதை இங்கு நினைவில் கொள்க.

மாதவிடாய் ஓயும் பருவத்தை நேரடியாகத் தொடுவது ஸூரா அத்தலாக்கின் நான்காம் வசனம். மாதவிடாயின் நம்பிக்கை அற்றுப்போன பெண்களின் இத்தா, நீங்கள் ஐயுற்றால், மூன்று மாதங்கள் என்று அது விதிக்கிறது. ‘ஐயுற்றால்’ என்பது எதைப் பற்றிய ஐயம்? சட்டம் தெரியாத ஐயம் என்றனர் சிலர். முதிர்ந்த வயதில் தோன்றும் இரத்தம் ஹைளா, இஸ்திஹாளாவா என்ற ஐயமே அது என்றனர் வேறு சிலர். தஃப்ஸீர் நூல்கள் இரு கருத்தையும் எடுத்துரைக்கின்றன. இரண்டாவது கருத்தைப் படிக்கும்போதெல்லாம், இப்பருவத்தைக் கடந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் அன்றாடம் நம் கண்முன் வந்து நிற்கிறது.

ஐயம் வாழ்க்கையையே முடக்கக்கூடியது. தலாக் விடப்பட்ட பெண் இரண்டொரு மாதவிடாய் கண்டபின், காரணம் தெரியாமல் அது நின்றுபோனால் என்ன செய்வது? மூன்று மாதவிடாய் முடியவில்லை. நம்பிக்கை அற்றவள் என்றும் சொல்ல முடியாது. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வழியாக இமாம் மாலிக் முவத்தாவில் தருகிறார்கள். அவள் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்; கருவுற்றது தெரிந்தால் அதன்படி; இல்லையேல் அதன்பின் மூன்று மாத இத்தா இருந்து விடுபடுவாள். ஆக, ஓராண்டு. இன்றைய மருத்துவமும் தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால்தான் மெனோபாஸ் நிறைவுற்றதாகக் கொள்கிறது. இந்த ஒற்றுமையை அற்புதம் என்று பறைசாற்றுவதில் எமக்கு உடன்பாடில்லை. உமர் (ரலி) கணக்கிட்டது கருவின் காலத்தையும் இத்தாவையும். மருத்துவர் கணக்கிடுவது சினைப்பையின் ஓய்வை. எனினும் ஒரு பெண்ணை முடிவின்றிக் காக்கவைக்கக் கூடாது என்ற அக்கறையைத் தீர்ப்பில் காண முடிகிறது.

எல்லா அறிஞர்களும் இந்த எளிமையை ஏற்கவில்லை. இமாம் ஷாஃபியீ (ரஹ்) தம் பழைய கருத்தில் ஒன்பது மாதக் காத்திருப்பையே கொண்டிருந்தார்கள். எகிப்து சென்றபின் உருவான புதிய கருத்திலோ, அவள் மீண்டும் மாதவிடாய் காணும்வரை அல்லது நம்பிக்கை அற்ற வயதை அடையும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வயது ஷாஃபியீ மத்ஹபில் 62 என்பது பிரபலமான சொல். 45 வயதில் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இது 17 ஆண்டுக் காத்திருப்பு! ஹனஃபீ மத்ஹபில் அவ்வயது 55 என்பதே ஃபத்வா. எனினும் அதற்கு முன் நின்றுபோனவளின் துன்பம் தீரவில்லை. இதனால் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் தேவை கருதி மாலிகீ கருத்தின்படி தீர்ப்பளிக்க இடம் தந்தனர். டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) தம் ரத்துல் முஹ்தாரில் இதைப் பேசுகிறார். நம் மரபு ஒரே குரலில் பேசியது என்று காட்டுவது பிழை. அது வாதாடியது, மாற்றிக்கொண்டது, அண்டை மத்ஹபிடம் கடன் வாங்கியது.

வயதைக் கண்டறிய அவர்கள் கைக்கொண்ட முறைகளும் கவனிக்கத்தக்கவை. 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதில் இரத்தம் கண்டால், விவரம் அறிந்த பெண்களிடம் கேட்க வேண்டும் என்றனர் மாலிகீகள். பெண்ணின் குடும்பத்துப் பெண்களுக்கு எந்த வயதில் நின்றதோ அதைக் கொள்ளலாம் என்னும் ஒரு கருத்தை இமாம் நவவீ (1233–1277) தம் மின்ஹாஜில் எடுத்துரைக்கிறார்கள். தாய்க்கு நின்ற வயது மகளுக்கு நிற்கும் வயதை ஓரளவு காட்டும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், மிகுந்த அளவு 15 நாள் என்ற ஷாஃபியீ வரையறையே பெண்களிடம் விசாரித்துத் தொகுத்த ஆய்வின் அடிப்படையில் அமைந்தது. இம்முறையை ‘இஸ்திக்ரா’ என்பர்.

நவவீ (ரஹ்) அவர்களின் மஜ்மூவில் ஹைள் பற்றிய பகுதி மிகப் பெரியது. சிக்கல் நிறைந்த பாடங்களுள் ஒன்று என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள். தன் வழக்கத்தின் நாளையும் அளவையும் மறந்துபோய், இரத்தமும் ஓயாதிருக்கும் பெண்ணுக்கு அங்கு ஒரு பெயர் உண்டு: முதஹய்யிரா, திகைத்து நிற்பவள். அவளை முஹய்யிரா என்றும் அழைப்பதுண்டு. ஃபகீஹையே திகைக்கவைப்பவள் என்பது அதன் பொருள். அவளுக்காகவே தாரிமீ என்ற அறிஞர் ஒருவர் தனி நூல் எழுதினார். புகாரீ, முஸ்லிம் காலத்து ஹதீஸ் தொகுப்பாளர் தாரிமீ வேறு; இவர் பிற்காலத்து ஷாஃபியீ சட்ட அறிஞர். திகைப்பு பெண்ணுடையது மட்டுமன்று, அறிஞனுடையதும்தான் என்று ஒரு சொல்லிலேயே ஒப்புக்கொண்ட அந்த நேர்மை எம்மை மிகவும் கவர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசின் இமாம் பிர்கிவீ (இறப்பு 1573) பெண்களின் இரத்தங்கள் பற்றியே தனி நூல் இயற்றினார். தம் காலத்தில் இக்கல்வி கைவிடப்பட்டு, இருந்ததே தெரியாமல் போய்விட்டது என்று முகவுரையில் வருந்துகிறார். ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முந்தைய வருத்தம் அது.

தமிழகக் கடற்கரையில் இந்த ஃபிக்ஹ் அரபுத்தமிழ் வழியாக வீடு புகுந்தது. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மகானியும் ஃபத்ஹுத் தய்யானும் தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாக ஓதப்பட்டன. அரபு மொழி அறியாத பெண்களும் அரபு எழுத்தில் தம் தாய்மொழியைப் படித்து மார்க்கச் சட்டம் அறிந்தனர். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் இன்று அருகிவிட்டனர். இளம்பெண்களுக்கான வகுப்புகளில் ஹைள் பாடம் நடக்கிறது. ஆனால் 15 வயதுப் பெண்ணுக்கு ஏற்றதாகவே அது அமைகிறது. 45 வயதில் மீண்டும் அப்பாடம் தேவைப்படும் என்பதை எவரும் சொல்வதில்லை.

மருத்துவத்தின் வரலாற்றுக்கு வருவோம். யூனானி மரபின் பெருநூலான கானூனில் இப்னு சீனா (980–1037) கருப்பை நோய்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். கிரேக்கர் வழிவந்த நான்கு திரவக் கோட்பாட்டின்படி, வெளியேறாத மாதவிடாய் உடலில் தேங்கித் தீங்கு செய்யும் என்று அக்கால மருத்துவர் கருதினர். ஆகவே மாதவிடாய் நிற்பதை வெளியேற்றம் தடைபட்ட நோயாக நோக்கும் போக்கு அவர்களிடம் மிகுந்திருந்தது. இவ்விடத்தில் மருத்துவரைவிட ஃபகீஹ்களே இப்பருவத்தை இயல்பான கட்டமாகக் கண்டனர் என்பது எம் எண்ணம்.

ஐரோப்பாவில் மெனோபாஸ் என்னும் சொல்லை 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் தம் நூலின் பெயராக்கினார். அந்நூற்றாண்டின் மருத்துவம் இப்பருவத்துப் பெண்ணை மனநோயின் விளிம்பில் நிற்பவளாகக் கண்டது. அக்கருத்தின் எச்சமான நோய்ப்பெயர் ஒன்று அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலிருந்து 1980இல்தான் நீங்கியது. 1929இல் ஈஸ்ட்ரோஜன் பிரித்தெடுக்கப்பட்டது. 1942இல் சினைப்பட்ட குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஹார்மோன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், என்றும் பெண்மை குன்றாதிருக்க ஹார்மோன் உண்ணுங்கள் என்ற தொனியில் நூல் எழுதிப் புகழ்பெற்றார். 1975இல் தனி ஈஸ்ட்ரோஜனுக்கும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. 2002இல் அமெரிக்காவின் பெரும் ஆய்வொன்றில், இரு ஹார்மோன்களைச் சேர்த்து உட்கொண்ட பிரிவு மார்பகப் புற்றுநோய் முதலிய காரணங்களால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அச்சத்தில் மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்வில் பங்குகொண்டோரின் சராசரி வயது 63 என்பதும், 50ஐ ஒட்டிய வயதினருக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்பதும் பின்னரே தெளிவாயின. ஒரு நூற்றாண்டில் நோய் என்றும், அடுத்ததில் குறைபாடு என்றும், பிறகு பேராபத்து என்றும் மருத்துவமும் அலைந்திருக்கிறது.

2001இல்தான் வல்லுநர்கள் கூடி இப்பருவத்தின் படிநிலைகளை முறையாக வகுத்தனர். 2011இல் அதைத் திருத்தினர். அவ்வளவு கருவிகள் இருந்தும் அவர்கள் முதல் அளவுகோலாகக் கொண்டது எதைத் தெரியுமா? மாதவிடாய் நாள்களின் கணக்கை. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாள் அல்லது அதற்கு மேலான வேறுபாடு மீண்டும் மீண்டும் நேர்ந்தால் மாற்றத்தின் தொடக்கம். 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் பிற்பகுதி. 45ஐக் கடந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் ஒருநாள் பரிசோதனை தவறான தெளிவையே தரும்.

உடலுக்குள் நிகழ்வது இது. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, சில மாதங்களில் முட்டை வெளிவருவதில்லை. அப்போது புரோஜெஸ்ட்டிரோன் சுரப்பதில்லை; ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்துகொண்டே போகிறது. தடித்த சுவர் பின்னர் உதிரும்போது நீண்ட, மிகுந்த இரத்தப்போக்காகிறது. ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தால் மூளையில் உடல்வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி சிறு மாற்றத்திற்கும் துடித்தெழுகிறது. வெப்ப அலையும் இரவு வியர்வையும் அதனால்தான். உறக்கமின்மை, படபடப்பு, மறதி, மூட்டுவலி, மனச்சோர்வு, பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று ஆகியனவும் வரலாம். பலருக்கு இது சில ஆண்டுகள் நீடிக்கும். வெப்ப அலைகள் சராசரியாக ஏழாண்டுக்கு மேல் தொடர்ந்ததை அமெரிக்காவில் பல இனப் பெண்களிடம் நடந்த நெடிய ஆய்வு காட்டியது. எனவே ‘இன்னும் சரியாகவில்லையா’ என்று வீட்டார் ஆறே மாதத்தில் கேட்பது நியாயமன்று. இக்காலத்தில் கருத்தரிக்கவும் கூடும் என்பதையும் மறக்கலாகாது.

இனி, நாம் முதலில் விட்டுவந்த பெண்ணிடம் திரும்புவோம். வழக்கமாக ஆறு நாள் மாதவிடாய் காணும் அவருக்கு இம்முறை 12 நாள் நீடித்தது. ஷாஃபியீ மத்ஹபில், 15 நாளைத் தாண்டாததால் அந்த 12 நாளும் ஹைள். ஹனஃபீ மத்ஹபில் உச்ச அளவு 10 நாள்; அதைத் தாண்டியதால் வழக்கத்திற்குத் திரும்பி, முதல் ஆறு நாள் மட்டும் ஹைள், எஞ்சியவை இஸ்திஹாளா; அந்நாள்களின் விடுபட்ட தொழுகைகளைக் களா செய்ய வேண்டும். இரு ஹைளுக்கு இடையே குறைந்தது 15 நாள் தூய்மை வேண்டும் என்பதில் இவ்விரு மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. இஸ்திஹாளா நாள்களில் கழுவி, இறுகக் கட்டி, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூ செய்து தொழலாம், நோன்பு நோற்கலாம். எந்த மத்ஹபைச் சேர்ந்தவரானாலும், ‘வழக்கம் எத்தனை நாள்’ என்பதற்கு விடை இல்லையேல் எந்த ஆலிமாவாலும் உதவ இயலாது.

ஓர் எச்சரிக்கையை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் ஹைளுக்கு வயதின் மேல்வரம்பு இல்லை; 58 வயதில் இரத்தம் கண்டாலும் நிபந்தனைகள் பொருந்தினால் ஹைள் எனலாம். அது தொழுகைக்கான விடை. உடலுக்கான விடை வேறு. மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்தபின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பைப் புற்றுநோய் முதன்முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் இவ்வாறுதான். ‘பழைய தீட்டுத் திரும்பி வந்திருக்கிறது’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. அந்த 12 மாதத்திற்கு முன்பும், மணிக்கொரு நாப்கின் நனையும் அளவு போக்கு, கட்டிகட்டியாக வெளியேறல், உறவுக்குப் பின் இரத்தம், இரு மாதவிடாய்க்கு இடையே இரத்தம் ஆகியவற்றை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும். எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் அது தனியே கவனிக்க வேண்டிய நிலை. எலும்புத் தேய்வு விரைந்து வரும்.

சிகிச்சையில் ஹார்மோன் மருந்து பற்றிய ஐயம் பலருக்கும் உண்டு. குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த பழைய மாத்திரையே ஒரே வழியன்று. தாவர மூலத்திலிருந்து செய்யப்படும் ஈஸ்ட்ரடையால் மாத்திரையாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு ஆகியன முன்பு இருந்தவர்களுக்கு ஹார்மோன் பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன.

மருத்துவரும் ஆலிமாவும் முதலில் கேட்பது ஒரே கேள்வியை என்பதால் ஒரே குறிப்பேடு போதும். இரத்தம் தொடங்கிய தேதி, நேரம், நின்ற தேதி, நேரம், நிறம், மிகுதியா குறைவா, இரவு வியர்த்ததா, உறங்கினாரா. ஹிஜ்ரி தேதியையும் அருகே எழுதிவைத்தால் ரமளான் களாவுக்குத் தனிக் கணக்குத் தேவைப்படாது. கைப்பேசியில் எழுதினாலும் சரி, சமையலறை நாள்காட்டியில் புள்ளி வைத்தாலும் சரி. 35 வயதிலேயே, முறை தவறாத காலத்திலேயே தொடங்கிவிட்டால், பின்னாளில் ‘உங்கள் வழக்கம் எத்தனை நாள்’ என்று கேட்கப்படும்போது எண்ணிச் சொல்ல முடியும்.